மிளகாய் வணிகரின் மக்கள்

செய்தி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுள் எவரும் மறைவுச் செய்திப் பக்கத்தை விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கமாட்டீர்கள். எனக்கும் அது தானாக வந்து சேர்ந்ததுதான். திருவனந்தபுரம் பதிப்பில் நான் பணியேற்ற வாரத்தில், அப்பக்கத்தைப் பார்த்துவந்தவர் கண்புரை அறுவைக்காக விடுப்பில் போனார். திரும்பி வந்தவர், "இனி அதை நீரே வைத்துக்கொள்ளும். எனக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, விளையாட்டுப் பக்கத்துக்குப் போகிறேன்" என்றார். நான் ஓய்வு பெறும்வரை அப்பக்கம் என்னிடமே இருந்தது.

அவர் கைமாற்றித் தந்தபோது ஒன்று சொன்னார். "அமைச்சரைப் பற்றித் தப்பாக எழுதினால் மறுநாள் காலையில் அவருடைய ஆள் வந்து நிற்பான். செத்தவன் வரமாட்டான். அதனால் இந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியும்."

நான் மூன்று தடவை படிப்பவன். மூன்று தடவை படித்தும் ஒரு பிழை செய்தேன். அதுவும் எழுத்துப் பிழையன்று. எழுத்துப் பிழையாக இருந்திருந்தால் அடுத்த நாளே மறந்திருப்பேன்.

பிழைக்கு முன் என் குணத்தைச் சொல்லவேண்டும்; பிழை பிறந்த இடம் அதுதான். தமிழில் பிறமொழி கலப்பதை என்னால் பொறுக்க இயலாது. இந்நகரில் மறைவுச் செய்தி எழுதிக்கொண்டு வருவோர் 'மரிச்சு' என்பர், 'ஜீவிச்சு' என்பர், 'கச்சோடம்' என்பர். என் கரிக்கோல் அவற்றின் மீது ஓடிக்கொண்டே இருக்கும். உடன் பணியாற்றிய ஒருவர், "சாரோட பென்சில் பட்டால் போதும், உயிரோடு இருந்தப்ப மலையாளம் பேசினவன் செத்தப்புறம் செந்தமிழ் பேசுவான்" என்று சொல்லிச் சிரிப்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் முற்பகல் கரமனையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பெயர் சிவகாமி, பள்ளி ஆசிரியை. மலையாள வழியில் படித்து, மலையாள வழியில் கற்பிப்பவர். கைப்பேசியில் தமிழ் தட்டச்சு வராது என்று சொல்லி, கோடிட்ட தாள் ஒன்றில் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய தந்தை இரண்டு நாள்களுக்கு முன் காலமாகியிருந்தார். ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வணிகம் செய்தவர். தாளில் பெயர், ஊர், உறவினர் விவரங்களுக்குக் கீழே மூன்று வரிகள் இருந்தன.

"அப்பா முப்பத்தெட்டு வருஷம் ஆரியசாலையிலே வத்தல் கச்சோடம் பண்ணினார். மக்களுக்கு வேண்டி மட்டும் ஜீவிச்ச ஆள். வேறே ஒண்ணுக்கும் போகலே."

அவர் போனபின் கரிக்கோலை எடுத்தேன். 'கச்சோடம்' வணிகமாயிற்று. 'வேண்டி', 'ஜீவிச்ச' இரண்டும் போயின. 'மக்களுக்காகவே வாழ்ந்தவர்' என்று அவ்விடம் செம்மையாயிற்று. மூன்றாம் வரி, முன்னதைத் திரும்பச் சொல்வதாக எனக்குத் தோன்றிற்று. கூறியது கூறல் என்னும் குற்றம் என்று கருதி முழுவதையும் அடித்தேன். மக்களுக்காகவே வாழ்ந்த ஒருவருக்குத் தலைப்பு எழுதுவது எளிது. 'மக்கள் தொண்டர் மறைவு' என்று எழுதினேன். மூன்று தடவை படித்தேன். நன்றாக இருந்தது.

செய்தி வெளியான மறுநாள் சிவகாமி மீண்டும் வந்தார். இம்முறை வரவேற்பறையில் நிற்காமல் நேரே மேசைக்கு வந்து, எங்கள் நாளிதழை மடித்தபடி என் முன் வைத்தார்.

"சாரே, இது யாரைப் பத்தி எழுதியிருக்கு?"

"உங்கள் தந்தையாரைப் பற்றித்தான், அம்மா."

"எங்க அப்பா எந்த எலக்ஷன்லே நின்னார்? நேத்து காலம்பறையிலேர்ந்து ஃபோன் வருது. 'உங்க அப்பா எந்த வார்டு, எந்தப் பார்ட்டி'ன்னு கேக்கறாங்க. ஒருத்தர் சிரிச்சே கேட்டார், 'அண்ணாச்சி எந்த மக்களுக்கு என்ன தொண்டு பண்ணினார்'ன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் எழுதிய தாளை எடுத்து விரித்தேன். பிழை என்னுடையது அன்று என்று காட்டிவிடலாம் என்னும் எண்ணம் எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

"நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், மக்களுக்காக வாழ்ந்தார் என்று?"

அவர் தம் நெஞ்சில் விரலை வைத்தார்.

"சாரே, நான்தான் மக்கள். நானும், என் தங்கச்சியும், தம்பியும்."

இந்நகரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பேருந்தில் போய்வந்தவன் நான். பக்கத்து இருக்கையில் அமர்பவர் ஊர் கேட்பதற்கு முன்னரே "மக்கள் எத்தனை?" என்று கேட்பார். "ரெண்டு மக்கள், மூத்தது நர்ஸ்" என்று மற்றவர் சொல்வார். நாள்தோறும் காதில் விழுந்த சொல். சரி, அது மலையாளம் என்று ஒதுக்கினேன் என்றே கொள்வோம். 'மக்கட்பேறு' என்பது மலையாளமா? பிள்ளைகளை மக்கள் என்பது தமிழின் பழைய வழக்கு. நாஞ்சில் நாட்டு வீடுகளில் அது இன்றும் வழங்குகிறது. கலப்புத் தமிழ் என்று நான் கரிக்கோலை ஓட்டிய அந்த வரியில், மூத்த தமிழை எழுதியவர் அந்த ஆசிரியை. மேடைப்பேச்சிலிருந்து வந்த பொருளை அதன்மேல் ஏற்றியவன் நான்.

"சிறு பிழைதான், அம்மா. திருத்திவிடலாம்" என்றேன்.

"சின்னதில்லே, சாரே." குரல் உயரவில்லை. "சங்கத்துக்காரங்க பதினாறாம் நாள் அப்பாவுக்குப் படத்திறப்பு வெக்கறாங்க. நீங்க எழுதினதையே செவத்துலே எழுதப் போறாங்களாம். அம்மா வரமாட்டேன்னு சொல்லுதா. 'அது வேற யாரோ ஒருத்தர் படம், நான் எதுக்கு வரணும்'னு கேக்கா. அம்மா இல்லாம நாங்க எப்படிப் போக?"

அன்று பிற்பகலே ஆரியசாலைக்குப் போனேன். சொல்லை ஆராய்வதற்கு முன் ஆளை ஆராய்ந்திருக்கவேண்டும்; அந்த வேலையைப் பிழைக்குப் பின் செய்தேன்.

வணிகர் சங்கச் செயலாளருக்குக் கருப்பட்டியும் புளியும் மொத்த வணிகம். பருத்த மனிதர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சாரே, வாங்க! என்னா எழுத்து! 'மக்கள் தொண்டர்'! முப்பது வருஷம் எதிர்க்கடையிலே இருந்தேன், எனக்கே தெரியாமப் போச்சு பார்த்தீங்களா?"

"எனக்கும் தெரியாது. அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் கையை விடவில்லை. "பிழையா? பேப்பர்லே வந்தாச்சே. பின்னே என்ன பிழை?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மிளகாய் வணிகரைப் பற்றித் தாமே சொல்லத் தொடங்கினார். சங்கத் தலைவராக இருக்கும்படி அவரை மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். மூன்று தடவையும் மறுத்திருக்கிறார். கூட்டம் ஐந்தரைக்கு என்றால், 'ஆறு மணிக்கு நான் வீட்டுலே நிக்கணும்' என்பாராம். சந்தை முழுவதும் விளக்கேற்றி வணிகம் செய்துகொண்டிருக்கும்போது அவர் கடை மட்டும் அடைத்திருக்கும். 'ஆறுமணி அண்ணாச்சி' என்பது அவருக்குச் சந்தை வைத்த பெயர்.

"நாங்க விடுவோமா? 'என்ன அண்ணாச்சி, வீட்டுலே பால் பொங்குதா'ன்னு கேப்போம். 'ஆமா ஓய், மூணு பாத்திரத்துலே பொங்குது'ன்னு சொல்லிட்டு ஷட்டரை டமார்னு இழுத்துருவார்." செயலாளர் சிரித்தார். சிரிப்பு நின்றபின் மேசைமீது சிந்தியிருந்த கருப்பட்டித் துகளை விரலால் ஒதுக்கினார். "உயிரோட இருந்தப்ப ஒரு நாற்காலியிலே பிடிச்சு உட்கார வைக்க முடியலே, சாரே. ஒரு பொன்னாடை போட விட்டதில்லே. இப்பவாவது நம்ம ஹாலிலே இருக்கட்டும்னுதான். அவர் வீட்டம்மாவுக்கு இதுலே என்ன சங்கடம்?"

அன்பில்லாதவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். அன்புள்ளவர் ஒரு பிழையைப் பற்றிக்கொண்டால் அதை விடுவிப்பது கடினம் என்பதை அங்கே கற்றேன்.

அடுத்த நாள் கரமனைக்குப் போனேன். ஆற்றுக்குப் போகும் வழியில் சிறிய ஓட்டுவீடு. வணிகரின் மனைவியார் கதவருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார். வரவேற்றார்; தேநீரும் தந்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கொல்லைப்புறத்துக் குழாயைச் சுட்டிக்காட்டினார்.

"அங்கதான் அவிய கை கழுவுவாவ. கடையிலே ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சு, பயத்தமாவு போட்டுக் கழுவிட்டுத்தான் வருவாவ. இங்க வந்து இன்னொரு தடவை. சிவகாமி கைக்குழந்தையா இருந்தப்ப, அவிய கடையிலேர்ந்து வந்த கையோட அது கண்ணைத் தொட்டுட்டாவ. பிள்ளை வீறிட்டுப் போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். கண்ணுக்கு ஒண்ணும் ஆகலே. ஆனா அன்னையிலேர்ந்து சட்டையும் வேற, கையும் வேற."

"ஆறு மணிக்குக் கடை அடைத்தது..."

"மூணுக்கும் ராத்திரிச் சோறு அவிய கையாலதான். வாசல்லே வந்து ரெண்டு கையையும் நீட்டிட்டு நிப்பாவ. மூணும் மணத்திப் பார்க்கும். இளையவன் இருக்கானே, அவன் மணத்திட்டு 'எரியுது'ம்பான். பொய்தான். அவியளுக்கும் பொய்னு தெரியும். திரும்பப் போய்க் கழுவிட்டு வருவாவ. அவன் அஞ்சாம் கிளாஸ் படிக்கிற வரைக்கும் இந்தக் கூத்துதான்."

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார்.

"ஊருக்கு அவிய ஒண்ணும் செய்யலே. செய்யலேன்னு சந்தையிலே அவிய முகத்துக்கு நேரவே சொல்லியிருக்காவ. அவியளுக்கு அது வெக்கமா இருந்ததில்லே. எனக்கும் இல்லே. இப்ப நீங்க எழுதினதைப் பார்த்தா, அது வெக்கப்பட வேண்டிய காரியம்னு நெனச்சு நாங்களே மூடி மறைச்சாப்பலே இருக்கு. அந்தப் பேருக்குக் கீழே நான் போய் உட்கார முடியாது, சார்."

தேநீரைக் குடித்து முடித்து எழுந்துவந்தேன். பொய்ப் பழி ஒருவரைக் கெடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் தொழிலில் அதற்குச் சட்டமே உண்டு. பொய்ப் புகழும் அதையே செய்யும் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

இனி, நெருக்கடியான பகுதி. பொறுப்பாசிரியர் நல்லவர், ஆயினும் மறைவுச் செய்திக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. "எப்படிப் போடுவீர், சொல்லும் பார்ப்போம்" என்றார். முதல் வரைவை நீட்டினேன். 'மக்கள் தொண்டர் என வெளியானது தவறு' என்று இருந்தது. அவர் படித்துவிட்டு, "நல்லது. நாளைக்கு ஊரே கேட்கும், அந்த ஆள் என்ன குற்றம் செய்தார், பட்டத்தைப் பறித்துவிட்டார்களே என்று" என்றார். அவர் சொன்னது சரி. புகழைப் பிழையாகக் கொடுத்தவன் அதைத் திரும்பப் பெறும்போது, பெற்றவரிடமிருந்து எதையோ பிடுங்கியதாகவே தோன்றும்.

இரண்டாம் வரைவில் மக்கள் என்னும் சொல்லின் வரலாற்றை எழுதினேன். பழைய வழக்கு, நாஞ்சில் வழக்கு, மலையாள வழக்கு எல்லாம் வந்தன. பொறுப்பாசிரியர் பாதியில் நிமிர்ந்தார். "இது திருத்தமா, இலக்கண வகுப்பா? பிழை செய்தவர் எத்தனை படித்தவர் என்றுதான் இதில் தெரிகிறது. இறந்தவர் எங்கே?"

அதுவும் சரிதான். என் இருக்கைக்குத் திரும்பி, சிவகாமியின் தாளை மீண்டும் எடுத்தேன். கரிக்கோல் கோட்டுக்கு அடியில் அந்த மூன்றாம் வரி தெளிவாகவே தெரிந்தது. வேறே ஒண்ணுக்கும் போகலே. அந்த வரியை விட்டுவைத்திருந்தால் அந்தத் தலைப்பை நான் எழுதியிருக்கவே முடியாது. முதல் இரண்டு வரிகளை நான் தவறாகப் படிக்காமல் காப்பதற்காகவே எழுதப்பட்டது போல அது நின்றிருக்கிறது. அதைத்தான் முழுவதும் அடித்திருக்கிறேன். அந்தத் தாள் இன்றும் உங்கள் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது. தூக்கிப்போட்டுவிட வேண்டாம்.

மூன்றாம் வரைவு இப்படி அமைந்தது: 'ஆரியசாலை மிளகாய் வணிகரின் மறைவுச் செய்தியில், அவர் மக்களுக்காக வாழ்ந்தார் என்று குடும்பத்தார் எழுதியதைப் பொதுமக்கள் எனப் பொருள்கொண்டது நம் பிழை. அவர் வாழ்ந்தது தம் மக்கள் மூவருக்காக. வேறெதற்கும் அவர் போகவில்லை.'

பொறுப்பாசிரியர் இரண்டு தடவை படித்தார். ஒரு சொல்லையும் மாற்றாமல் கையொப்பமிட்டார். மறுநாள் வெளியாயிற்று.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "சாரே, சின்ன எழுத்துலே ஏதோ போட்டிருக்கீங்களாமே. செவத்துலே எழுதி நாலு நாளாச்சு. நல்ல சிவப்பு எனாமல். இனி மாத்த முடியாது. நீங்க கட்டாயம் வரணும், முன் வரிசை."

போனேன். போகாமல் இருந்துவிட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றிற்று. சங்கக் கூடம் ஒரு கிடங்கின் மாடியில் இருந்தது. நாலரை மணிக்குக் கூட்டம். ஐம்பது பேர்வரை நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். சுவர் நெடுகிலும் முன்னாள் தலைவர்களின் படங்கள், ஒவ்வொன்றிலும் பொன்னாடையும் காய்ந்த மாலையும். வரிசையின் முடிவில் துணியால் மூடிய புதிய படம். அதன் கீழே சிவப்பு எழுத்தில் 'மக்கள் தொண்டர்'. ஓவியர் ஓர் ஏணியில் நின்று, பிறந்த ஆண்டு தெரியாமல் விட்டிருந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

வணிகரின் மனைவியார் வந்தார். திருத்தத்தைப் படித்துக் காட்டிச் சிவகாமி அழைத்து வந்துவிட்டார். மாடிப்படியின் மேற்படியில், கூடத்துக்குள் காலை வைக்காமல் நின்றார். செயலாளர் அவரை மகிழ்விக்க எண்ணி, படத்தின் துணியைச் சற்றே விலக்கிக் காட்டினார்.

படத்தில் வணிகர் ஈரத்தலையுடன் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் தங்கச் சரிகைப் பொன்னாடை.

"அது யாரு துண்டு?" என்றார் அம்மையார்.

"அண்ணாச்சிக்கு ஒரு மரியாதைக்கு, ஸ்டுடியோவிலே சொல்லி..."

சிவகாமி குறுக்கிட்டார். "அண்ணா, இது நாங்க கல்லாறு போனப்ப எடுத்த ஃபோட்டோ. ஆத்துலேர்ந்து ஏறி வந்து எல்லாரும் நின்னோம். தோளிலே, பாறை மேலே நின்ன தம்பியோட கை இருந்துச்சு. எங்களையெல்லாம் வெட்டிட்டு, அந்தக் கை மட்டும் வெட்ட வராம, அதுக்கு மேலே துண்டைப் போட்டு மூடியிருக்காங்க."

அம்மையார் ஒரு படி கீழே இறங்கினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. செயலாளரின் முகம் வியர்த்தது. என் காதருகே வந்து, "சாரே, தொடங்கி வெச்சது நீங்க. ஏதாவது சொல்லுங்க" என்றார்.

சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைக்கச் சொல்லலாம். ஐம்பது பேர் முன்னிலையில் செயலாளர் தலைகுனிவார், அவர் செய்ததெல்லாம் அச்சில் வந்த என் சொல்லை நம்பியதுதான். அம்மையாரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். அதை நான் சொல்லக்கூடாது. ஏணியருகே போனேன். சிவப்பு எழுத்தை நோக்கினேன். 'மக்கள்' என்பதற்கு இடப்புறம் ஒரு சாண் வெற்றிடம் இருந்தது.

"ஐயா, இந்த இடத்தில் இரண்டு எழுத்து ஏறுமா?" என்று ஓவியரிடம் கேட்டேன்.

அவர் தூரிகையின் காம்பால் அளந்தார். "ஏறும் சாரே. புள்ளி வெக்கவும் எடம் உண்டு. என்ன எழுத்து?"

"தம்."

அவர் எழுதினார். கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மகரத்தின் தலையில் அவர் புள்ளி வைத்து முடித்ததும், செயலாளர் உரக்கக் கூட்டிப் படித்தார். "தம்... மக்கள்... தொண்டர்."

பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். "அது நம்ம ஆறுமணி அண்ணாச்சியேதான், ஓய்!" சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவிற்று. "மூணு பாத்திரம்!" என்றார் இன்னொருவர். அது ஏளனச் சிரிப்பன்று. முப்பத்தெட்டு ஆண்டு கேலி செய்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொண்ட சிரிப்பு. அம்மையார் சிரிக்கவில்லை. இறங்கிய படியை மீண்டும் ஏறினார்.

"படம்?" என்று மட்டும் கேட்டார்.

மகன் இருசக்கர வண்டியில் கரமனைக்குப் போய், வீட்டுச் சுவரில் இருந்த மூலப்படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தார். ஐவரும் நனைந்த உடையில், பாறைகளுக்கு நடுவே, கண் கூசச் சிரித்துக்கொண்டிருந்தனர். தந்தையின் தோளில் ஐந்து வயதுக் கை. செயலாளர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அம்மா, இதுக்கு எப்படி மாலை போட? இதுலே நாலு பேரு நல்லா இருக்கீங்க. உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு மாலை போடக்கூடாதே. இந்த வரிசையிலே மாட்டுறதே..."

"மாலை வேண்டாம். மாட்டுங்க. அவிய பக்கத்துலேதானே நிக்கேன், எனக்கு என்ன வரும்?"

மாட்டினார்கள். அத்தனை பொன்னாடைகளுக்கும் மாலைகளுக்கும் முடிவில், மாலையில்லாத ஈரப் படம் ஒன்று. அம்மையார் முன்வரிசையில், சிவப்பு எழுத்துக்கு நேர் எதிரே அமர்ந்தார்.

பேச்சுகள் தொடங்கின. இரண்டாமவர் சற்று நீட்டினார். மூன்றாமவர் எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சுவர்க் கடிகாரம் ஆறைக் காட்டிற்று. அம்மையார் எழுந்தார். செயலாளர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா, இன்னும் ரெண்டு பேர் பேசணும்" என்றார்.

"பேசட்டும். அவிய இருந்தா இப்ப ஷட்டரை இழுத்திருப்பாவ."

மக்கள் மூவரும் அவர் பின்னால் எழுந்தனர். மூன்றாம் பேச்சாளர் கைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாற்காலிகள் நகரத் தொடங்கின.

படியில் இறங்கிக்கொண்டிருந்த சிவகாமி நின்று, திரும்பி, என்னைப் பார்த்தார்.

"சாரே, நாளைக்கு அப்பா கடை திறக்கறோம். தம்பிதான் இருப்பான். வத்தல் வேணும்னா வாங்க. ஆறு மணிக்கு முன்னே வரணும்."

நான் ஐந்து மணிக்கே போய் நின்றேன்.